மஞ்சள் கயிற்றில் கட்டிய இரண்டு சாவிகள்

தாமரைக்குக் கடை கிடையாது. பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகள் வரிசையாக இருக்கும் ரோட்டின் முனையில் ஒரு பழைய வெள்ளை வேனை நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்து, அதற்குள் உட்கார்ந்து கார் சாவி செய்வாள். எனக்குக் கிள்ளானில் கடை இருக்கிறது. இருபத்தாறு வருடமாக அதே இடம். ஏர்கோன் உண்டு, கண்ணாடிக் கதவு உண்டு, வருகிறவர்கள் உட்கார நாலு நாற்காலி உண்டு. ஆனால் ஆட்கள் காத்திருப்பது அவளுடைய வேனுக்குத்தான். அங்கே நாற்காலியே கிடையாது. நின்றுகொண்டு காத்திருக்கிறார்கள். அதுவும் வெயிலில்.

அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடச் சரியான ஆள் இல்லை. ஒருத்தரை விரும்புகிறவன் பாதியைத்தான் கவனிப்பான். பொறாமைப்படுகிறவன் ஒன்றையும் விடமாட்டான். அவள் என்ன மெஷின் வைத்திருக்கிறாள், எந்தக் கடையில் மதியம் சாப்பிடுகிறாள், வருகிறவர்களிடம் முதலில் என்ன பேசுகிறாள், எல்லாம் எனக்குத் தெரியும். இரண்டு தடவை எதிர்ச்சாரியில் காரை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்திருக்கிறேன். என் மனைவி சீதாலெட்சுமியிடம் பாங்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

பந்திங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். இப்போது வயது முப்பத்தெட்டு. புருஷன் பெயர் தனேஷ், சொந்தக் காரில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன். எட்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் காரின் ஒரே சாவியை இவள்தான் செலாயாங் மொத்த மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது தொலைத்துவிட்டாள். காரை லோரியில் ஏற்றி சுபாங் ஜெயாவில் ஒரு சர்வீஸ் செண்டருக்குக் கொண்டுபோனார்கள். புதுச்சாவி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மூன்று வாரமும் தனேஷ் வீட்டில் உட்கார்ந்திருந்தான். இவள் மட்டும் தினமும் பஸ் ஏறி சர்வீஸ் செண்டருக்குப் போய், "சாவி வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்கார்ந்த இடத்தில், சாவி வந்தபிறகு அதைக் காருக்குப் பழக்க ஒருத்தன் ஒரு பெட்டியைச் சொருகிக் கால் மணி நேரத்தில் வேலையை முடித்ததைப் பார்த்தாள். மூன்று வாரம் காத்திருந்தது இந்தக் கால் மணி நேரத்துக்கா என்று அவளுக்குப் பொறுக்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவள் அந்தப் பெட்டியின் பெயரை எழுதிக்கொண்டு போனாள். கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துப் படித்தாள். புருஷன் காரிலேயே கை வைத்துப் பழகினாள். இரண்டு தடவை அந்தக் காரை ஓட விடாமல் செய்திருக்கிறாள்.

"என் காடிதாண்ணே அவளுக்கு ஸ்கூல். ஸ்கூல் பீஸ் நான் கட்டுனேன்" என்று தனேஷ் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் என் கடைக்கு ஒருமுறை பூட்டு வாங்க வந்தபோது சொன்னது. பெண்டாட்டியைப் பற்றிச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும், அந்தப் பூட்டை அவனுக்கு விற்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

சாவி விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது வரும் கார் சாவியில் இரும்புப் பல் மட்டும் சரியாக இருந்தால் போதாது. பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி அளவில் ஒரு சிப் இருக்கும். சாவி போடும் ஓட்டையைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கும். சாவியைத் திருப்பியதும் சுருள், "நீ யார்?" என்று கேட்கும். சிப் தன் நம்பரைச் சொல்லும். வண்டியின் பட்டியலில் அந்த நம்பர் இருந்தால் என்ஜின் ஓடும். இல்லையென்றால் ஒரு விநாடி உறுமிவிட்டுச் செத்துவிடும், டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சின்ன விளக்கு மின்னும். திருடன் கம்பியை விட்டுத் திருகினாலும் வண்டி நகராது. சாவி செய்கிறவன் பல்லையும் வெட்ட வேண்டும், நம்பரையும் பட்டியலில் ஏற்ற வேண்டும். எனக்கும் இரண்டும் தெரியும். அவளைவிடப் பல வருடம் முன்பாகவே தெரியும். ஆகையால் நான் பழைய ஆள், காலம் என்னைத் தள்ளிவிட்டது என்றெல்லாம் யாரும் பரிதாபப்பட வேண்டாம்.

அவளிடம் ஒரு பழக்கம். யார் வந்தாலும் முதல் கேள்வி, "வீட்டுல இன்னொரு சாவி இருக்கா?" என்பதுதான். இருக்கிறது என்றால், "அதையும் கொண்டு வாங்க. அப்பத்தான் தொடுவேன்" என்பாள். செந்தூலில் இருந்து வந்தவரைச் செந்தூலுக்கே திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன். வந்த ஆளை விரட்டுகிறாளே, இவள் எங்கே உருப்படப் போகிறாள் என்று காருக்குள் இருந்து சந்தோஷப்பட்டேன். ஒரு மணி நேரம் கழித்து அந்த ஆள் இரண்டு சாவியோடும், கூட ஒரு மச்சானோடும் திரும்பி வந்தார். மச்சானுக்கும் சாவி வேண்டுமாம்.

அவள் ஏன் அப்படிக் கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. புதுச்சாவியை ஏற்றும்போது சில வண்டிகள் பழைய பட்டியலை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். அந்த நேரத்தில் கையில் இல்லாத சாவி பட்டியலில் இருந்து விழுந்துவிடும். எனக்கு அது தெரியும். கேட்கத்தான் மாட்டேன். கேட்டால் ஆள் போய்விடுவானே.

அதில்தான் நான் மாட்டினேன்.

காப்பார் ரோட்டில் பழனியப்பன் என்று ஒருவர் பழைய கார் விற்கிறார். அவருடைய யார்டின் சாவி வேலை முழுவதும் பதினோரு வருடமாக எனக்குத்தான். கடைக்குத் தானாக வருகிறவர்களை நம்பி வாடகை கட்ட முடியாது. யார்டு இருந்தால் கடை இருக்கும், யார்டு போனால் கடையும் போகும். என் நிலைமை அவ்வளவுதான்.

போன வருடக் கடைசியில் யார்டில் ஒரு காருக்குச் சாவி ஏற்றினேன். இருபதே நிமிடம். அந்தக் காரின் இன்னொரு சாவி பழனியப்பனின் மேஜை டிராயரில் கிடந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கார் விற்றுப்போனது. வாங்கியவர் குடும்பத்தோடு பினாங்குக்குப் போனார். வழியில் சாப்பிட நிறுத்திய இடத்தில் அவர் மனைவி தன் கைப்பையில் இருந்த சாவியைப் போட்டுத் திருப்பினாள். அது டிராயரில் கிடந்த சாவி. உறுமியது, செத்தது. அவர் சாவியோ கை கழுவப் போன இடத்தில் சாக்கடைக்குள் விழுந்துவிட்டது. ரோட்டோரத்தில் மூன்று மணி நேரம் நின்றார்கள்.

பழனியப்பன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். பாலில்லாத தே ஓ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார்.

"கன்னையா, பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு பொண்ணு இருக்காமே? எல்லாச் சாவியும் கொண்டு வந்தாத்தான் தொடுவாளாம்?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. அடுத்த காடிய அவகிட்ட குடுத்துப் பாக்கப் போறேன். அது ஒழுங்கா போச்சுன்னா யார்டு வேல பூரா அவளுக்கு. தப்பா நெனைக்காதலா."

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பது?

அந்த அடுத்த வண்டியை யார் வாங்கினான் தெரியுமா? என் மனைவியின் தம்பி ரெங்கசாமி. ஏழு பேர் உட்காருகிற வண்டி, ஒரே சாவியோடு வந்தது. இரண்டாவது சாவியைத் தாமரை செய்தாள். சொந்த மச்சான் சாவிக்காரனாகக் கிள்ளானிலேயே உட்கார்ந்திருக்க, என் மச்சினன் வண்டிக்குப் பிரிக்பீல்ட்ஸில் இருந்து ஒருத்தி வந்து சாவி போட்டுவிட்டுப் போனாள்.

"யார்டுல ஏற்பாடு பண்ணது மச்சான், நான் என்ன செய்ய?" என்றான் ரெங்கசாமி.

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"உங்க மூஞ்சி சொல்லுது மச்சான்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலில் வண்டிக்குப் பூஜை. பழனியப்பனுக்கு ஒரு வழக்கம் உண்டு. நம்மவர்களுக்கு விற்கிற வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்து, சாவியை அர்ச்சனைத் தட்டில் வைத்துத்தான் கொடுப்பார். அன்றும் அப்படியே வந்தார். வண்டி கோயில் வாசலில் அழகாக வந்து நின்றது. இரண்டு சாவியையும் தட்டில் வைத்தார். ரெங்கசாமியின் மனைவி மாதவி அவற்றை எடுத்து, மஞ்சள் கயிற்றால் இறுக்கமாகச் சுற்றிக் கட்டி, ஒரு துண்டு மஞ்சளையும் முடிந்து திரும்பத் தட்டில் வைத்தாள்.

"எதுக்கு ஒண்ணா கட்டுற?" என்றான் ரெங்கசாமி.

"புருஷன் பொஞ்சாதி மாதிரி பிரியாம இருக்கட்டும். உங்களுக்கு என்ன தெரியும்? பேசாம நில்லுங்க."

குருக்கள் மந்திரம் சொன்னார். பானெட்டில் சந்தனம், குங்குமம், மாலை. நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். "பதினொன்றே காலுக்குள்ள பழத்து மேல ஏத்திடுங்கோ. அதுக்கு அப்புறம் நேரம் சரியில்ல" என்றார் குருக்கள். மணி பதினொன்று.

ரெங்கசாமி ஏறி உட்கார்ந்தான். கட்டிய இரண்டு சாவியில் ஒன்றைச் சொருகித் திருப்பினான். என்ஜின் உறுமியது. செத்தது. மறுபடி திருப்பினான். உறுமியது. செத்தது. மூன்றாவது முறை திருப்பும்போது வாசலில் நின்ற இருபது பேரும் வண்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

எனக்கு நின்ற இடத்தில் இருந்தே விளங்கிவிட்டது. டாஷ்போர்டில் சாவி விளக்கு மின்னுகிறது. சொருகிய சாவியின் தலையோடு இன்னொரு தலை ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. இரண்டு சிப்பும் ஒரே நேரத்தில் நம்பரைச் சொல்கின்றன, வண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லா வண்டியும் இப்படிக் கோளாறு பண்ணாது. சில வண்டிகள் பண்ணும், இது அந்த ஜாதி. கயிற்றை அவிழ்த்தால் தீர்ந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. வயிறு அப்படியே குளிர்ந்துபோனது. அவள் செய்த முதல் யார்டு வேலை, அம்மன் முன்னால், பழனியப்பன் முன்னால் படுத்துவிட்டது. நானே திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு சரியாக வந்திருக்காது.

"வரும்போது ஓடுன காடிலா. பூஜை போட்டதும் நின்னுடுச்சே" என்றார் பழனியப்பன்.

"யாரு கண்ணு பட்டுச்சோ" என்றாள் ஒரு கிழவி.

சீதாலெட்சுமி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

பழனியப்பன் தாமரைக்குப் போன் போட்டார். அவள் செலாயாங்கில் ஒரு காய்கறி லோரிக்குச் சாவி செய்துகொண்டிருந்தாள். பழனியப்பன் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "எனக்கு ஒண்ணும் புரியல, உனக்குத்தான் புரியும்" என்று போனையும் இரண்டு சாவியையும் என் கையில் கொடுத்துவிட்டார்.

"கன்னையாண்ணே, நல்ல வேள நீங்க அங்க இருக்கீங்க. சாவி லைட் மின்னுதா?"

"மின்னுது."

"ஸ்டார்ட்டே ஆகலியா, ஆகி சாவுதா?"

"ஒரு செகண்ட் ஓடிச் சாவுது."

"அப்ப சிப்பத்தான் படிக்கல. அண்ணே, சாவி ரெண்டும் ஒண்ணா கெடக்கா? ஒரே வளையத்துல மாட்டியிருக்காங்களா?"

சாவி இரண்டும் என் உள்ளங்கையில் இருந்தன. மஞ்சள் ஈரம் கையில் ஒட்டியது. ஒரு மணி நேரத் தொலைவில் இருந்துகொண்டு, வண்டியைப் பார்க்காமல், மூன்றாவது கேள்வியில் பிடித்துவிட்டாள். எனக்கு எரிந்தது.

"இல்ல. தனித்தனியாத்தான் இருக்கு" என்றேன்.

 போனில் லோரிகள் போகிற சத்தம் கேட்டது.

"அப்ப தப்பு என்னோடதுதாண்ணே" என்றாள். "நான் வந்து சேர்றதுக்குள்ள நேரம் போயிடும். நீங்களே கை வச்சு எடுத்து விட்டுடுங்க, ப்ளீஸ்லா. பழனியப்பன் அங்கிள்கிட்ட நானே சொல்லிடுறேன், என் வேல சரியில்லேன்னு."

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். பாட்டரி வீக், வயரிங் கோளாறு, வண்டி பழசு என்று ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் அதைத்தான் சொல்வோம். நான் இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் பேச்சை அப்படியே நம்பி, குற்றத்தைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

என் காரில் இருந்து மெஷினை எடுத்து வந்தேன். ரெங்கசாமியை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். வெளியே இருபது முகம். மெஷினை மடியில் வைத்து மறைத்துக்கொண்டு, அதன் அடியில் நகத்தால் மஞ்சள் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தேன். மாதவி முடிச்சுப் போட்டால் லேசில் அவிழாது. வேர்த்துக் கொட்டியது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு ஏதோ பெரிய வேலை நடப்பதுபோல் இருந்திருக்கும். அவள் செய்த சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மற்றதைச் சொருகித் திருப்பினேன். ஓடியது.

பதினொன்று பத்துக்கு எலுமிச்சம்பழம் நாலும் நசுங்கின. கை தட்டினார்கள். ரெங்கசாமி என்னைக் கட்டிப்பிடித்தான். "மச்சான் கை பட்டாத்தான் ஓடும்!" என்றான். பழனியப்பன் என் முதுகில் தட்டி, "பழைய கை பழைய கைதான்லா" என்றார். குருக்கள் எனக்குத் தனியாக ஒரு மாலை போட்டார். "புதுச்சாவி சரியில்ல, அது பழைய சாவியையும் சேர்த்துக் கெடுத்திடுச்சு. நான் கொண்டுபோய்ச் சரிபண்ணித் தர்றேன்" என்றேன். சுத்தப் பொய். அப்படி ஒரு சாவி இன்னொன்றைக் கெடுக்காது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

கடைக்கு வந்து அவள் செய்த சாவியை மெஷினில் வைத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பல்லைப் பார்த்தேன். வெட்டிய இடத்தில் பிசிறே இல்லை. விரலால் தடவினேன், எங்கேயும் உறுத்தவில்லை. நான் வெட்டினால் ஓரம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். நாலு நாளில் தேய்ந்து சரியாகிவிடும் என்று விட்டுவிடுவேன். இவள் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை அதே சாவியை ரெங்கசாமியிடம் கொடுத்து, "புதுசா போட்டுட்டேன். ரெண்டையும் ஒண்ணா வைக்காதீங்க. ஒண்ணு கையில, ஒண்ணு வீட்டுல" என்றேன். அவன் போட்டுத் திருப்பிப் பார்த்தான்.

"அந்தப் பொண்ணு செஞ்சதவிட இது எவ்வளவு சுகமா திரும்புது மச்சான்!"

 அவளுடைய சாவிக்கு எனக்குக் கிடைத்த பாராட்டு. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? புதன்கிழமை பழனியப்பன் போன் பண்ணி, யார்டு வேலை பழையபடி எனக்கே என்றார். இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். அந்தப் பிசிறில்லாத பல்தான் கண்ணுக்குள் நின்றது.

வியாழக்கிழமை காலை வெள்ளை வேன் என் கடை வாசலில் வந்து நின்றது. தாமரை இறங்கினாள். அவள் என் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சுற்றிப் பார்த்தாள்.

"கடை நல்லா இருக்குண்ணே. ஏர்கோன் எல்லாம் போட்டு."

"என்ன வேணும்?"

"அந்தச் செத்த சிப்ப குடுங்கண்ணே. விக்கிறவன்கிட்ட காட்டணும்."

வருவாள் என்று தெரியும். திங்கட்கிழமையே போன் போட்டிருந்தாள், சிப் செத்துவிட்டது என்று நானும் சொல்லியிருந்தேன். என்னிடம் செத்த சிப் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. அதில் ஒன்றை எடுத்துத் தயாராக விரலிடுக்கில் வைத்திருந்தேன். நீட்ட வேண்டியதுதான் பாக்கி.

அவள் சிப்கள் போட்ட ஒரு சின்னப் பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். "இந்தப் பாக்கெட்டுல இருந்துதான் எடுத்துப் போட்டேன். மிச்சத்த தூக்கிப் போடப் போறேன். ஏற்கெனவே பதினாறு பேருக்கு இதுல இருந்து போட்டாச்சு. மூணு நாளா ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, சாவி சரியில்ல, சும்மா மாத்தித் தர்றேன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"பதினாறு பேருக்குமா?"

"பந்திங்ல யாழினின்னு ஒரு நர்ஸ். ஹோஸ்பிட்டலுக்குப் போற வழியில காடி நின்னுடுச்சுன்னா? விட முடியுமா?"

"திட்டலியா?"

"திட்டாம? சுபாங் ஜெயால மீனாட்சிசுந்தரம்னு ஒரு அங்கிள், இனிமே ஒன்கிட்ட வரமாட்டேன், வேற ஆள பாத்துக்கிறேன்னுட்டாரு. சரிதானே, அவர் மேல என்ன தப்பு?"

சிப் என் விரலிடுக்கில் இருந்தது. கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். அவள் நம்பி வாங்கிக்கொண்டு போயிருப்பாள். பதினாறு வண்டியில் இருந்து பதினாறு நல்ல சாவியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டிருப்பாள். அதை நினைத்ததும் எனக்கு ஒப்பவில்லை. திடீரென்று நான் நல்லவனாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் பொறாமை அவள்மேல்தான். சாவிமேல் எனக்கு என்ன கோபம்?

"தாமர, அந்தச் சாவி நல்ல சாவி."

"எது?"

"என் மச்சினன் காடிச் சாவி. ரெண்டையும் ஒண்ணா கட்டியிருந்தாங்க. மஞ்சக் கயித்துல."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "போன்ல கேட்டேனே."

"கேட்ட."

"இல்லேன்னீங்க."

"ஆமா."

"ஏண்ணே?"

"ஏன்னா? யார்டுக்குத்தான்."

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. பாக்கெட்டை எடுத்து மெதுவாகத் தன் பையில் போட்டுக்கொண்டாள். முகம் மட்டும் சிவந்துவிட்டது.

"என் வேல மோசம்னு பதினாறு பேருகிட்ட என் வாயாலேயே சொல்ல வச்சிட்டீங்க" என்றாள். "பழனியப்பன் அங்கிள்கிட்டயும் சொல்லிட்டேன். வண்டியில ஏறுங்கண்ணே."

"எங்க?"

"யார்டுக்கு. நீங்க சொல்லணும், நான் கேக்கணும்."

கண்ணாடிக் கதவைப் பூட்டிவிட்டு ஏறினேன். என்ன செய்வது? காப்பார் ரோடு முழுக்க அவள் நேராக ரோட்டைப் பார்த்து ஓட்டினாள். நான் வேனுக்குள் பார்த்துக்கொண்டே வந்தேன். சாவி வெட்டும் மெஷின் ஆடாமல் இருக்க அடியில் பழைய டயர் ரப்பர் போட்டு முடுக்கியிருந்தாள். வெறும் சாவிகள் வண்டி வாரியாகத் தனித்தனி டப்பாவில். ஒரு தூசி இல்லை. எனக்கு ஏன் இந்த ரப்பர் யோசனை வரவில்லை என்று அந்த நேரத்திலும் எரிச்சலாக இருந்தது.

பழனியப்பன் வெளியே ஒரு காரைக் கழுவ விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வேனில் இருந்து இறங்குவதைப் பார்த்து, "என்னலா, பார்ட்னர் ஆயிட்டீங்களா?" என்றார்.

சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு கட்டியது, நான் பார்த்தது, போனில் சொன்ன பொய், அவளுடைய சாவியையே என் சாவி என்று கொடுத்தது, எல்லாம்.

பழனியப்பன் முதலில் கேட்டது இதுதான்: "அப்ப காடிக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"ஒண்ணும் இல்ல."

"மெஷின மடியில வச்சுக்கிட்டு அவ்வளவு நேரம் உள்ள என்ன பண்ண?"

"முடிச்சு அவுத்தேன்."

அவர் சிரித்த சிரிப்பில் கார் கழுவுகிற பங்களாதேஷ்காரன் குழாயை நிறுத்திவிட்டுப் பார்த்தான். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"தாமர, இனிமே சாவி வேல எல்லாம் ஒனக்குத்தான்மா. பின்னால ரெண்டு காடி நிக்குது, இன்னிக்கே பாத்துடு."

 அவள் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று நின்றேன். அண்ணனுக்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள் அங்கிள் என்கிற மாதிரி ஏதாவது. கதையில் எல்லாம் அப்படித்தானே வரும். அவள் சொல்லவில்லை. ஒருவிதத்தில் எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

சொல்வதற்குப் பதிலாக ஒரு காகிதத்தை என் கையில் கொடுத்தாள். பதினாறு பெயர், பதினாறு போன் நம்பர். அழகான கையெழுத்து. அதிலும் என்னைவிடக் கெட்டிக்காரி.

"இவங்க எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லுங்கண்ணே. சாவி நல்ல சாவின்னு. நான் சொன்னா இனிமே நம்பமாட்டாங்க."

யார்டு ஆபீசில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். "தாமரை செஞ்ச சாவி நல்ல சாவிங்க, மாத்த வேணாம்." முதல் ஆளுக்கு நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். நாலாவது ஆளுக்குப் பழகிவிட்டது. பந்திங் நர்ஸ், "எனக்கு அப்பவே தெரியும் அங்கிள், அந்த அக்கா வேல தப்பாவே போகாது" என்று ஆரம்பித்து, தாமரை தனக்காக மழையில் நின்று சாவி போட்ட கதையை முழுவதும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தர் அவளை மருமகளாக்கிக்கொள்ளத் தனக்கு ஒரு மகன் இல்லையே என்று வருத்தப்பட்டார். ஒருத்தர் நான் அவளுடைய அப்பாவா என்று கேட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அவள் வெயிலில் ஒரு காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என் யார்டில், என் வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

பதினாறாவது பெயர் சுபாங் ஜெயா மீனாட்சிசுந்தரம்.

"அப்படியா?" என்றார் அவர். "அந்தப் பொண்ணே சரியில்லேன்னு சொல்லுச்சே. நான் வேற ஆள விசாரிச்சு வச்சுட்டேனே. கிள்ளான்ல கன்னையான்னு ஒருத்தர் இருக்காராம், ரொம்ப வருஷமா கடை வச்சிருக்காராம். இன்னிக்குச் சாயந்திரம் அங்கதான் கிளம்பிக்கிட்டு இருக்கேன். அவர் எப்படி, ஒங்களுக்குத் தெரியுமா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். யார்டு போய்விட்டது. தானாக வருகிற ஒரு ஆள், அதுவும் சுபாங் ஜெயாவில் இருந்து என் பெயரை விசாரித்துக்கொண்டு வருகிற ஆள், போனில் காத்திருக்கிறார்.

"தெரியும்" என்றேன். "ஆனா ஒங்க சாவிக்கு ஒண்ணும் இல்ல. அவன்கிட்ட போனா சும்மா இருக்கிற சாவிக்குக் காசு வாங்கிடுவான். பேசாம வீட்டுலேயே இருங்க."

"நீங்க யாரு பேசுறது?"

"தாமரைக்குத் தெரிஞ்ச ஆளு" என்று சொல்லிப் போனை வைத்தேன்.